மட்டி வேஷம்

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம் எனக்கு மட்டி வேஷம் கிடைத்தது. ஏரிச் சேற்றுக்குள் இரண்டு கறுத்த ஓடுகளை இறுக மூடிக்கொண்டு, உயிரோடு இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாதபடி கிடக்குமே, அந்த மட்டி. என் பெரியம்மா மகளுக்குத் தவளை வேஷம். அக்கா அப்போது எட்டாம் வகுப்பு. சித்தூருக்குப் பக்கத்தில் புத்தலப்பட்டில் இருவருக்கும் ஒரே பள்ளி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

அந்த வருடம் மாவட்ட அறிவியல் கண்காட்சி திருப்பதியில் நடப்பதாக இருந்தது. எரிமலை, காற்றாலை என்று மாதிரிகள் செய்து கொண்டுவருவோர் ஒரு பக்கம், அறிவியலை நாடகமாக நடித்துக் காட்டுவோர் ஒரு பக்கம். பரிசு மட்டும் இரண்டுக்கும் சேர்த்துத்தான். எங்கள் அறிவியல் டீச்சருக்கு எரிமலைமீது இருந்த நம்பிக்கை போய்விட்டது. முந்தைய வருடம் எங்கள் பள்ளியின் எரிமலை, நடுவர்கள் வந்து சேர்வதற்கு முன்பே கக்கி முடித்திருந்தது. அதனால் இந்த முறை ஏழு நிமிட நாடகம் ஒன்றைத் தாமே தெலுங்கில் எழுதினார்.

நாடகம் இதுதான். ஒரு தவளை ஏரிக்கரையில் ஒரு மட்டியைப் பார்க்கிறது. உடனே தன்னோடு அதை ஒப்பிட ஆரம்பிக்கிறது. எனக்கு முதுகெலும்பு இருக்கிறது, உனக்கு இருக்கிறதா? எனக்குப் பெரிய கண்கள், உனக்கு? எனக்குக் குரல் இருக்கிறது, உனக்கு? எனக்குத் தலை இருக்கிறதே, உனக்கு? மட்டி எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று சொல்லவேண்டும். கடைசிக்கு முன்னால் மட்டும், தன் குஞ்சுகள் மீனின் செவுளைப் பற்றிக்கொண்டு ஊர் சுற்றும் என்று ஒரு வரி. பிறகு, நீ நீந்துகிற தண்ணீரை நாள் முழுக்க வடிகட்டிச் சுத்தம் செய்வது நான்தான் என்று ஒரு வரி. தவளைக்கு இருபத்திரண்டு வசனம். மட்டிக்கு ஆறு. அந்த ஆறில் நான்கு, ‘லேது’ என்ற ஒரே சொல்.

எனக்கு ஏன் மட்டி என்று யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. நான் ஒரு வாக்கியத்தைத் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பேன். வகுப்பில் எழுந்து வாசித்தால் கடைசி பெஞ்சு வரைக்கும் சிரிப்பு போய்த் திரும்பி வரும். அக்காவும் எங்கள் வீட்டுத் தமிழ்தான். ஆனால் அவள் பெரியப்பாவின் சரக்கு வண்டியில் ஏறி மாங்காய் மண்டிகளுக்கெல்லாம் போய், தரகர்களோடு வாயாடி, தெலுங்கைத் தண்ணீர் குடிப்பதுபோலக் கற்றுக்கொண்டவள். தவளை மாதிரி குதிக்கவும் அவளுக்குத்தான் வரும். நான் அப்போது கொஞ்சம் உருண்டையாக இருப்பேன்.

“நுவ்வு ஆல்சிப்ப,” என்றார் டீச்சர் என்னிடம். நீ மட்டி, அவ்வளவுதான். தெலுங்கில் அதில் ஒரு குற்றமும் இல்லை. வீட்டுக்கு வந்து தமிழில் சொன்னபோதுதான் வினை வந்தது. தமிழில் மட்டி என்றால் மண்டையில் ஒன்றும் ஏறாதவள் என்றும் அர்த்தம். எங்கள் தெருவில் தமிழ் பேசும் பிள்ளைகள் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரும் அன்று சாயங்காலமே என்னை அப்படிக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவின் கடைக்குப் போய் அழுதேன். சித்தூர்–திருப்பதி சாலையோரம், ஆட்டோக்களுக்கு சீட்டும் மேற்கூரையும் தைக்கிற கடை அது. நைனா தையல் மெஷினை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார்.

“எனக்கு மட்டும் ஏன் நைனா தல இல்லாத வேஷம்?”

“தல இல்லன்னா இன்னாம்மா, சொந்தமா வூடு கீதே. தவக்களைக்கு வூடு கீதா?” என்றார்.

அப்போது நாங்கள் வாடகை வீட்டில் இருந்தோம். அதனால் அந்தப் பதிலில் ஏதோ நியாயம் இருப்பதுபோலத்தான் பட்டது. ஆனாலும் அழுகை நிற்கவில்லை.

நடிப்பதற்கு முன்னால் இரண்டையும் உயிரோடு பார்த்துவிட்டு வரவேண்டும் என்று டீச்சர் கட்டளையிட்டிருந்தார். அதுவரை மட்டியை நான் அம்மாவின் கையில்தான் பார்த்திருந்தேன், மாங்காய்த் தோல் சீவும் வெறும் ஓடாக. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், தேவாலயத்துக்குப் போட்ட நல்ல பாவாடையோடு நானும் அக்காவும் ஏரிக்குப் போனோம். முழங்காலளவு தண்ணீரில் இறங்கிக் காலாலேயே துழாவி ஒரு மட்டியை எடுத்தேன். என் உள்ளங்கையைவிடப் பெரியது. அக்கா கரையோரப் புல்லில் ஒரு பெரிய தவளையைத் தாவணியால் அமுக்கினாள். அது தாவணிக்குள்ளிருந்து நழுவி அவள் தோளில் ஏறி, அங்கிருந்து என் தலையில் ஒரு கால் வைத்து ஏரிக்குள் குதித்தது. முழுக்க அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அக்கா அதற்குள் அதன் குதிப்பு, முழிப்பு, தொண்டை துடிப்பு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டுவிட்டாள். கரையிலேயே செய்து காட்டினாள். தவளைக்கே சந்தேகம் வந்திருக்கும்.

என் மட்டியைச் சேற்றுத் தண்ணீரோடு வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு மணி நேரம் எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஓடு நகத்தளவு திறந்தது. நாக்குபோல வெளுத்த ஒரு கால் எட்டிப் பார்த்தது. யாரோ தெருவில் ஹாரன் அடித்தார்கள், உள்ளே போய்விட்டது. அதில் நடிப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனால் மறுநாள் காலையில் வாளியின் அடி தெரிந்தது. சாயம் போட்டதுபோல் செம்மண் நிறத்தில் இருந்த தண்ணீர், அடியில் கிடந்த சிறு கூழாங்கற்களைக்கூட எண்ணும்படி தெளிந்திருந்தது. நான் ஓடிப்போய் அக்காவை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன். அவள் வாளிக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணியும் செய்யாத மாதிரி கீதே பாப்பா,” என்றாள்.

நைனா அந்த மட்டியைத் தையல் மெஷின்மேல் வைத்துக்கொண்டு எனக்கு ஓடு செய்தார். ஒரு பழைய ஆட்டோ கூரையின் கம்பிகளை வளைத்து, கறுப்பு ரெக்சினைப் போர்த்தி, மட்டியின் ஓட்டில் உள்ள வளர்ச்சி வரிகளை ஒன்றுவிடாமல் பழுப்பு நூலில் தைத்தார். உள்பக்கம் முழுக்க வெள்ளி ஜிகினாத் தாள். பின்னால் இரண்டு கதவுக் கீல்கள். தவளை வந்து ஓட்டைத் தட்டும்போது நான் உள்ளேயிருந்து தள்ளினால் மேலோடு திறந்துகொள்ளும். வெள்ளி மெத்தைபோல மின்னும் இடத்தில் நான் முத்துமாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த ஒரு கணத்துக்காகத்தான் கொஞ்சம் சமாதானமானேன்.

அக்காவுக்கு மஞ்சள் சுடிதார். மழைக்காலத்தில் பெரிய தவளைகளில் ஆண் மஞ்சளாகி, தொண்டையின் இரண்டு பக்கமும் நீலப் பைகளை ஊதிக்கொண்டு கத்தும் என்றும், பெண் தவளை அப்படிக் கத்தாது என்றும் டீச்சர் சொன்னார். “அப்ப நான் ஆம்பள தவக்களையாவே இருந்துக்கறேன் டீச்சர்,” என்றாள் அக்கா. இரண்டு நீல பலூன்கள் ஏற்பாடாயின.

தினமும் சாயங்காலம் ஒத்திகை. அவள் இருபத்திரண்டு வசனத்தையும் சொல்லி முடிப்பதற்குள் நான் நான்கு முறை ‘லேது’ என்பேன். ஒரு வாரத்தில் அவளுடைய வசனம் எல்லாம் எனக்கும் மனப்பாடமாகிவிட்டது. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் பின்பக்கக் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டே, பாதியில் நிற்காமல், முழுத் தவளையையும் தனியாக நடித்து முடித்தேன். கடைசியில் ஒரு குதியும் குதித்தேன். திரும்பினால் அக்கா குடத்தோடு நின்றிருந்தாள். தண்ணீர் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். கோபித்துக்கொண்டாள் என்று எண்ணி இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன்.

கண்காட்சி நாளன்று பெரியப்பாவின் வண்டியில் கிளம்பினோம். முன்னால் பெரியப்பாவும் டீச்சரும். பின்னால் திறந்த பகுதியில் நைனா, அக்கா, நான், நடுவில் கயிறு போட்டுக் கட்டிய மட்டி ஓடு. திருப்பதியில் அலிபிரிப் பக்கம் போகும் சாலையில் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. மலைக்கு நடந்து போகிறவர்கள் எங்களைச் சுற்றிப் போனார்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு வயதான அம்மாள் வண்டி ஓரம் நின்று ஓட்டையே பார்த்தாள். இது எந்த உற்சவத்துக்குப் போகிறது என்று தெலுங்கில் கேட்டாள். பதில் வருவதற்குள், பெருமாளின் ஆமை அவதாரம் என்று தானே முடிவு செய்து, ரெக்சினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தேவாலயப் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்கும் நைனா தானும் கைகூப்பிவிட்டார். அக்கா சிரிப்பை அடக்கப்போய், மடியில் வைத்திருந்த பலூன்களில் ஒன்று வெடித்தது.

கண்காட்சி நடந்த பள்ளியின் வாசலில் ஓட்டை இறக்கினோம். நைனா ஒரு பக்கம், பெரியப்பா ஒரு பக்கம். பெரியப்பாவின் கை நழுவி ஓடு பின்பக்கமாகத் தரையில் இடித்தது. துணி கிழியவில்லை, கம்பி உடையவில்லை. கீலை யாரும் பார்க்கவில்லை.

எங்கள் முறை வந்தது. நான் மேடையில் ஓட்டுக்குள் படுத்துக்கொண்டேன். நைனா மேலோட்டை அழுத்தி மூடிவிட்டு இறங்கிப் போனார். மைக்கை ஓட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். முன்பக்கம் விரலளவு இடைவெளி இருந்தது. அதன் வழியாக அக்காவின் மஞ்சள் கால்கள் குதித்து வருவது தெரிந்தது. அவள் ஓட்டைத் தட்டினாள். நான் தள்ளினேன். திறக்கவில்லை. முதுகால் தள்ளினேன், காலால் உதைத்தேன். ஓடு மொத்தமும் மேடையில் ஆடியதே தவிர, திறக்கவில்லை.

அக்கா குனிந்து, ஒரு கையால் மைக்கைப் பொத்திக்கொண்டு, இடைவெளியில் வாய் வைத்தாள்.

“இன்னாடி?”

“தொறக்கல. கீல் மாட்டிக்கினுது.”

“மூச்சு வுட முடியுதா?”

“முடியுது.”

“பயமா கீதா?”

“இல்ல,” என்றேன். பயமாகத்தான் இருந்தது. அதைவிட, என் முத்துமாலையையும் வெள்ளித் தாளையும் யாருமே பார்க்கப்போவதில்லை என்ற துக்கம் பெரிதாக இருந்தது. மேடையின் கீழே நைனா எழுந்துவிட்டதும், பெரியப்பா அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்ததும் பிறகு கேள்விப்பட்டவை.

அக்கா நிமிர்ந்தாள். ஒற்றை பலூனோடு நாடகத்தைத் தொடங்கினாள். முதுகெலும்பு உண்டா என்று கேட்டாள். “லேது,” என்றேன். மூடிய ஓட்டுக்குள்ளிருந்து, மைக் வழியாக, அரங்கத்தின் கூரை வரைக்கும் அந்த ‘லேது’ போயிற்று. ஆளே தெரியாமல் குரல் மட்டும் வந்ததில் முன்வரிசை சிரித்தது. கண் உண்டா என்றாள். “லேது.” இன்னும் கொஞ்சம் சிரிப்பு. குரல் உண்டா என்றதற்கு நான் சத்தமாக “லேது” என்று கத்தியபோது பின்வரிசை வரைக்கும் சிரித்தார்கள்.

அடுத்து அவளுடைய எட்டாவது வசனம். நாக்கை நீட்டிப் பூச்சி பிடிப்பதைப் பற்றியது. வரவில்லை.

நான் காத்திருந்தேன். மஞ்சள் கால்கள் அசையாமல் நின்றன. அரங்கம் அமைதியாயிற்று. யாரோ இருமினார்கள். அக்கா மறந்துவிட்டாள். இருபத்திரண்டு வசனத்தையும் தூக்கத்தில்கூடச் சொல்லும் அக்கா, திருப்பதிக்கு வந்து, நடுவர்கள் முன்னால் மறந்துவிட்டாள். டீச்சர் எழுதிய நாடகம் போச்சு, நைனாவின் ஓடு போச்சு.

மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, அந்த வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். முணுமுணுப்பைக்கூட அந்த மைக் எடுத்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. அரங்கம் முழுக்கக் கேட்டது. கேட்டதும் அக்கா வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, அந்த வசனத்தைத் தானே சொன்னதுபோல அபிநயம் பிடித்தாள். கொல்லென்று சிரித்தார்கள்.

ஒன்பதாவது வசனம். மறுபடியும் அவள் பேசவில்லை. நான் பேசினேன். பத்தாவது, பதினொன்றாவது. நான் தவளைக் குரலில் கேட்டு, மட்டிக் குரலில் பதில் சொன்னேன். அக்கா என் குரலுக்கு ஏற்றபடி வாயசைத்துக் குதித்தாள். என் குஞ்சு வாலோடு பிறந்து, வாலை விட்டுக் காலை வாங்கும் என்றது தவளை. என் குஞ்சு மீனின் செவுளைப் பற்றிக்கொண்டு ஊரெல்லாம் பார்க்கும் என்றது மட்டி. ஏரி வற்றினால் நான் சேற்றுக்குள் ஒளிந்துகொள்வேன் என்றது தவளை. அந்த இடத்தில் மட்டிக்கு வசனமே கிடையாது. எனக்கு என்ன தோன்றியதோ, நானும் அதே சேற்றில் உன் பக்கத்தில்தான் படுத்திருப்பேன் என்று சேர்த்துவிட்டேன். கைதட்டல் கேட்டது.

இருட்டாகவும் வெப்பமாகவும் இருந்த அந்த ரெக்சின் ஓட்டுக்குள் என் தெலுங்கு ஒரு இடத்தில்கூடத் தமிழில் போய் முடியவில்லை. யாராவது சிரித்தால், அது நான் சொன்ன வேடிக்கைக்காக, என் தெலுங்குக்காக அல்ல. அப்படி ஒரு சிரிப்பு எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

முடிந்ததும் ஒரு நடுவர் அம்மா மைக்கை வாங்கி, இந்தத் தவளை ஏன் பேசுவதே இல்லை என்று விளையாட்டாகக் கேட்டார். டீச்சர் இதற்கு எந்தப் பதிலும் எழுதித் தரவில்லை. அக்கா சும்மா நின்றாள்.

“இன்கா வர்ஷம் ராலேது மேடம்,” என்றேன். மழை இன்னும் வரவில்லையே.

அதற்குப் பிறகு என் காதில் விழுந்தது இரைச்சல்தான். நைனா குறட்டோடு மேடையேறி, வளைந்திருந்த கீலைப் பிடுங்கி எறிந்து, மேலோட்டைத் தூக்கினார். வெளிச்சம் வெள்ளித் தாளில் பட்டுக் கண் கூசியது. வியர்வையில் தலைமுடி ஒட்ட, முத்துமாலை முதுகுப் பக்கம் திரும்பியிருக்க, நான் எழுந்து உட்கார்ந்தேன். அத்தனை நேரமும் பேசியது இத்தனூண்டு பெண்ணா என்று நடுவர் அம்மா கேட்டார். அக்கா எல்லோருக்கும் முன்னால் என்னை இடுப்பில் தூக்கிக்கொள்ளப் பார்த்து, முடியாமல், இருவரும் ஓட்டுக்குள்ளேயே விழுந்தோம்.

எங்களுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஓர் எரிமலைக்குப் போயிற்று. டீச்சர் அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் மசால் தோசை வாங்கித் தந்தார். “எவ்ளோ வேணுமோ துன்னுங்க,” என்று அவர் தமிழில் பேசியதும் அன்றுதான்.

திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. வண்டியின் பின்னால் நானும் அக்காவும் திறந்த மட்டி ஓட்டுக்குள் சாய்ந்து உட்கார்ந்தோம். நைனா எதிரில் தூங்கிவிட்டார். மலைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. அக்கா எழுந்து நின்று, வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காற்றைப் பார்த்துத் தவளையின் வசனத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். முதலிலிருந்து கடைசி வரைக்கும், இருபத்திரண்டும். எட்டாவதில் நிற்கவில்லை. ஒரு சொல் பிசகவில்லை.

நான் கைதட்டினேன். “அங்க மட்டும் ஏன்க்கா வரல?” என்று கேட்டேன்.

“அம்மாம் ஜனத்த பாத்ததும் பயந்துட்டேன்டி.”

மண்டித் தரகர்களிடம் கைநீட்டிப் பேசும் அக்கா சொன்னாள். நான் நம்பினேன். மறுநாள் பள்ளியில், அக்கா எப்படி மறந்து நின்றாள், நான் எப்படிக் காப்பாற்றினேன் என்று வகுப்பு வகுப்பாகப் போய்த் தெலுங்கில் சொன்னேன். யாரும் என் தெலுங்கைக் கவனிக்கவில்லை, கதையைத்தான் கேட்டார்கள். சில இடங்களில் அக்காவையும் கையோடு இழுத்துப் போய்ச் சாட்சி வைத்துக்கொண்டேன். “ஆமா, எனக்கு ஒண்ணியும் ஞாபகம் வரல,” என்று அவளும் தலையாட்டினாள்.

எனக்கு அவள்மேல் பரிதாபமாக இருந்தது. நினைவாற்றலுக்கு வல்லாரை நல்லது என்று பாடத்தில் படித்திருந்தேன். அதனால் ஒரு வாரம், தினமும் காலையில் ஏரிக்கரைக்குப் போய் ஒரு கைப்பிடி வல்லாரை பறித்துக் கழுவி, அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுக்கத் தின்று முடிக்கும் வரை எதிரிலேயே நின்றேன். கசக்கிறது என்று ஒருநாளும் சொல்லாமல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அக்கா அத்தனையையும் மென்று விழுங்கினாள்.